தங்கையைக் கூட்டிவர ஹொக்காய்டோ போனேன்: உறைந்த சாலையில் ஒன்பது நாள்

ஜனவரியில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோவுக்குப் போனேன் என்றதும் ‘பனி பார்க்கவா?’ என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். தங்கையைக் கூட்டிவரப் போனேன். என் தங்கை செல்வி அங்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். டிசம்பரில் வேலைக்குப் போகும் வழியில் உறைந்த சாலையில் சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள், “போய்க் கையோட கூட்டிக்கிட்டு வா” என்றார். அவளுக்கும் சேர்த்துத் திரும்பி வரும் டிக்கெட்டை நான் முன்கூட்டியே வாங்கிவிட்டேன்.

கிளம்பும்போதே எனக்குக் கோபம். முதலில் ரங்கூனின் பபேடான் பகுதியில் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்தப் பயிற்சிப் பள்ளியின் மேல். பெயர் வேண்டாம். செல்வி அங்கே ஆறு மாதம் படித்தாள். பெரியவர்களுக்கு எத்தனை டிகிரி குனிய வேண்டும், மேலாளருக்கு எத்தனை டிகிரி, துண்டை எப்படி மூன்றாக மடிக்க வேண்டும், எல்லாம் பாடம். பனியைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். சுவரில் ஒரு படம் இருந்ததாம், வெள்ளை மலையும் ஒரு நரியும். அவ்வளவுதான். “ஜப்பானில் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள்” என்று சொல்லி, ஓட்டத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேறு. ஏசி போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, நாலு மாதம் பனியில் புதையும் ஊருக்குப் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பியிருக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு விவரம்: உறவினர் விசாவுக்கு எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. செல்வியின் வேலைச் சான்று, எங்கள் இருவரின் பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். ரங்கூனிலிருந்து பாங்காக் ஒன்றரை மணி நேரம். அங்கே எட்டு மணி நேரக் காத்திருப்பு, பிறகு சப்போரோவுக்கு ஆறரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து சப்போரோ நகரத்துக்கு ரயிலில் நாற்பது நிமிடம். அங்கிருந்து அசாஹிகாவாவுக்கு விரைவுப் பேருந்து, ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி ஐந்து நிமிடம், எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு யென். அங்கே இன்னொரு பேருந்தில் ஐம்பது நிமிடம் போனால் செல்வியின் ஊர்.

காலணிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரங்கூனில் ஒரு கடையில் ‘பனிக்காலணி’ என்று எங்கள் பர்மியப் பணத்தில் எண்பத்தைந்தாயிரம் சட்டுக்கு வாங்கினேன். உள்ளே பஞ்சு, வெளியே பளபளப்பு. “மைனஸ் இருபது வரைக்கும் தாங்கும், அமா” என்றான் கடைக்காரன், பர்மியில் அமா என்றால் அக்கா. குளிரைத் தாங்கத்தான் செய்தது, என்னைத் தாங்கவில்லை. அசாஹிகாவாவில் பேருந்தை விட்டு இறங்கி நாற்பதடி நடந்திருப்பேன், பெட்டியும் நானும் தனித்தனியாகப் போனோம். அடிப்பகுதி தட்டையாக, சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. அடுத்த பேருந்தின் ஓட்டுநர் இறங்கிவந்து பெட்டியை எடுத்துக்கொடுத்து, என் காலணியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு “அபுனாய்” என்றார். ஆபத்து என்று அர்த்தம். அந்த ஒன்பது நாளில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

வழுக்கலுக்கு நாம் புதியவர்கள் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆடி ஆவணி மழையில் ரங்கூனின் போட்டாதாங் பகுதியில் என் அலுவலகத்துக்குப் போகிற நடைபாதை முழுக்கப் பாசி. கால்விரலால் தரையைக் கவ்வி நடந்து பழகியவர்கள் நாம். அங்கே விரல்கள் இரட்டைக் காலுறைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. நாற்பது வருடம் கற்ற நடை ஒரே நாளில் செல்லாக்காசானது.

செல்வி நிறுத்தத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. வீட்டுக்கு நடந்த அரை கிலோமீட்டரும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “பாதத்த முழுசா வையி அக்கா, சின்னச் சின்னதா எட்டு வையி, பாக்கெட்டுலேருந்து கைய எடு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விழுந்த கதையைக் கேட்டேன். ஃபோனில் சொன்னதையே திரும்பவும் சொன்னாள். “விழுந்தேன், ஒடனே ஒரு காரு நின்னுச்சு, ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டாங்க. அவ்வளவுதான்.”

அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் பனியைத் தள்ளவேண்டும். தள்ளி முடித்ததும் நகராட்சியின் பனி வண்டி வந்து சாலையை வழித்துக்கொண்டு போகும். வழித்ததை எங்கே போடும்? நம் வாசலில்தான். முழங்கால் உயரத்துக்கு, கல் மாதிரிக் கட்டிகள். மறுபடியும் தள்ளு. ஊர் முழுக்க இதைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறது, எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. பிறகு வேலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை, கை ஆறும் வரை லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரங்கள் தேய்த்துத் தேய்த்துச் சந்திப்புகளில் சாலை கண்ணாடியாகிவிடுகிறது. சாலையோரம் எங்கே முடிகிறது என்று தெரியாததால் கம்பங்களின் உச்சியில் கீழ்நோக்கிய அம்புக்குறிகள் தொங்குகின்றன. தூங்கப்போகும் முன் குழாய்த் தண்ணீரை வடித்துவிடாவிட்டால் குழாய் வெடிக்கும். கூரை ஓரமாக நடந்தால் மேலே இருக்கும் பனி மொத்தமாகத் தலையில் இறங்கும். இவ்வளவையும் அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, ஒவ்வொன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஏன் கேட்கவில்லை என்று சத்தம்போட்டேன். வேலை செய்யும் இடத்தில் காலணிக்கு மேல் மாட்டும் முள்பட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இவளிடம் யாரும் சொல்லவில்லை, இவளும் வாய் திறக்கவில்லை. அவள் விழுந்த பிறகு, ‘குளிர்காலச் சாலையில் கவனமாக வரவும்’ என்று மேலாளர் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தாராம். அதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். “எனக்கு ஆனா இருந்துச்சு அக்கா” என்றாள் செல்வி. பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசும் அந்தக் குணத்தைப் பர்மியர்கள் ஆனா என்பார்கள். நாலு தலைமுறையாகப் பர்மாவில் இருந்து மொழியோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டோம். நல்ல குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மூன்று நாள் நான் திட்டாத ஆள் இல்லை. பள்ளி, மேலாளர், நகராட்சி, ரங்கூன் காலணிக் கடை. செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்கு வருவதைப் பற்றி மட்டும் பேச்சைக் கொடுத்தால் தேநீர் போட எழுந்து போய்விடுவாள்.

நான்காம் நாள் பொங்கல். அவளுக்கு விடுமுறை. அங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. நான் ஆறரைக்கே எழுந்து வாசற்படியைச் சுத்தமாகப் பெருக்கி, ஒரு வாளித் தண்ணீர் தெளித்தேன். வீட்டில் தினமும் செய்வதுதான், கை தானாகச் செய்தது. படியிலும் நடையிலும் நன்றாகத் தெளித்து, அரிசிமாவில் ஒரு கோலமும் போட்டேன். உள்ளே வந்து பொங்கலுக்கு அரிசியைக் களைந்தபோது மனசு நிறைந்திருந்தது. வெளியே மைனஸ் பதினாலு என்பதை அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை.

ஒன்பதரைக்கு மண்ணெண்ணெய் வண்டிக்காரர் வந்தார். அங்கே வீட்டை மண்ணெண்ணெய் அடுப்புதான் காப்பாற்றுகிறது, வாரம் ஒரு முறை வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். ஐம்பது வயதிருக்கும். கையில் குழாயோடு நடையில் கால் வைத்தவர், ஒரு சத்தமும் இல்லாமல் மல்லாந்து விழுந்தார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன்.

“தொடாத அக்கா. தள்ளிப் போ.”

செல்வி என்னிடம் அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை. முள்பட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். கழுத்தை அசைக்காதீர்கள் என்று ஜப்பானிய மொழியில் சொல்லிச் சைகையும் காட்டினாள். விரல்களை மடக்கச் சொன்னாள், ஒவ்வொரு காலாக அசைக்கச் சொன்னாள். அவர் கண்களைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார். பிறகு பக்கவாட்டில் திருப்பி, முழங்காலில் நிறுத்தி, ஒற்றைக் கையால் அவரை எழுப்பி உட்காரவைத்தாள். தடித்த தொப்பி தலையைக் காப்பாற்றியிருந்தது, முழங்கையில்தான் அடி. அவர் என் கோலத்தைப் பார்த்தார். உறைந்த தண்ணீருக்கு மேலே வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. செல்வி விளக்கியதும் சிரித்துவிட்டுத் தொட்டியை நிரப்பிக் கொடுத்துப் போனார். நான்தான் பன்னிரண்டு தடவை குனிந்தேன். எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியாது.

அவள் ஒற்றைக் கையால் இரும்பு மண்வெட்டியை எடுத்து அந்த ஐஸைக் கொத்தத் தொடங்கினாள். நான் வாங்கிக் கொத்தினேன். அவள் பாட்டிலில் இருந்த பொடிக்கல்லைத் தூவினாள். அந்த ஊரில் வாசலில் தண்ணீர் தெளிப்பதில்லை, கல்லைத்தான் தூவுகிறார்கள்.

“மூணு நாளா எல்லாரையும் திட்டுறியே,” என்றாள் தூவிக்கொண்டே. “ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நானும் சொல்லல. நீயா தெரிஞ்சுப்பேன்னு விட்டுட்டேன்ல. அதே தப்புத்தான்.”

“அதனாலதான் வீட்டுக்கு வான்னு சொல்றேன்.”

“வந்து? ரங்கூன்ல எனக்கு என்ன வேல வச்சிருக்க, சொல்லு. இங்க நான் விழுந்தா எந்திரிக்கிறேன். விழுந்தவங்களயும் எந்திரிக்க வைக்கிறேன். பராமரிப்பாளர் பரிட்சைக்குப் பணம் கட்டிட்டேன் அக்கா. டிக்கெட்ட திருப்பிக் குடுத்துரு.”

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அது அந்த வகை டிக்கெட். சாலையைத் திட்டலாம், பள்ளியைத் திட்டலாம், அவளை எதற்குத் திட்டுவது? மிச்சமிருந்த ஐஸையும் கொத்தி முடித்தேன். மூக்கு உறைந்துபோயிருந்தது. ஒன்பதாம் நாள் தனியாகத் திரும்பினேன். கதவைத் திறந்த அம்மா என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அங்கே வேலைக்கோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். ரங்கூனில் காலணி வாங்காதீர்கள். இறங்கும் ஊரிலேயே அடியில் பல் பதித்த காலணி ஏழாயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது, அதுவரை சமாளிக்க முள்பட்டை ஆயிரத்து ஐந்நூறு யென். சைக்கிளை நவம்பரிலேயே பூட்டி உள்ளே வையுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு போக நினைக்காதீர்கள், முதுகுப்பைதான் சரி. சந்திப்புகளில் பொடிக்கல் வைத்த பெட்டி இருந்தால் எடுத்துத் தூவிக்கொண்டு நடங்கள், அது எல்லாருக்கும் பொது. வாசலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுடுதண்ணீர் இன்னும் மோசம். தெரியாததை முதல் நாளே கேளுங்கள். ஆனாவை விமானத்தில் ஏறும் முன் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இதையெல்லாம் சொல்வதற்காக அந்தப் பள்ளிக்குப் போனேன். அடுத்துப் போகும் பிள்ளைகளிடம் பதினைந்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். பாடத்திட்டம் நிறைந்துவிட்டது என்றார் ஆசிரியை, சிரித்த முகத்தோடு. முப்பது டிகிரி குனிந்து வழியனுப்பினார். மாலை ஐந்து மணிக்கு வகுப்பு விடும் வரை கீழே மாடிப்படியில் நின்றேன். இறங்கி வந்த பெண்களை அங்கேயே மறித்து, எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று நடந்து காட்டினேன். சில பேர் சிரித்தார்கள், சில பேர் நோட்டை எடுத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஆனால் பர்மியில்தான் கேட்டார்கள். ஒருத்தி, “அமா, எவ்வளவு கவனமா இருந்தும் விழுந்துட்டா என்ன பண்றது?” என்றாள்.

எனக்குத் தெரியாது. செல்வியை அழைத்தேன். அங்கே ஏழரை மணி, வேலை முடிந்து வந்திருந்தாள். ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுப் படிக்கட்டில் வைத்தேன்.

“உடனே எழுந்திருக்காதீங்க,” என்றாள் பர்மியில். “முதல்ல கை கால் அசையுதான்னு பாருங்க. அப்புறம் கத்துங்க. வெட்கப்படாம, எந்த மொழி வருதோ அந்த மொழியில கத்துங்க. பக்கத்துல வீடு இருந்தது, விளக்கு எரிஞ்சது. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான் கத்தல. முக்கால் மணி நேரம் ரோட்டுல கிடந்தேன்.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் என்று அவள் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.