சோப்பு பட்ட மஞ்சள் புடவை

செடியிலும் அடுக்களையிலும் சாயம் எடுப்பவனுக்குத் துணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிறம் நன்றாக ஒட்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்று, ஹைதராபாத் மல்காஜ்கிரியில் மொட்டை மாடியில் அண்டா ஏற்றியவன் நான். மஞ்சள் நகத்தோடு பந்தியில் உட்கார்ந்து முறைப்பு வாங்கும் சக சாயக்காரர்களே, உங்களுக்குத்தான் இது.

சருகு

வெங்காயச் சருகு கொதித்தால் மாடி முழுக்கப் பொன்னிறமாய் ஆவி மிதக்கும். ஒருநாள் அதில் கிறங்கிய பருந்து, மௌலா அலி மலைக்கு வழி மறந்து என் கொடியிலேயே தூங்கிவிட்டது. நம்பாதவர்கள் பக்கத்து வீட்டுப் பூனையைக் கேட்கலாம். அதன் வால் இன்னும் மஞ்சள்தான். சருகுக்கு நான் நம்பியிருப்பது மார்க்கெட்டில் கடை போட்டிருக்கும் சேலத்துக்காரி ராஜம்மாவை. முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஊர் உருது கலந்த தமிழில் கேட்டாள். இங்கே 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் ஏன்.

"வெங்காயம் நக்கோ, தோல் மட்டும் போதுமா? கைக்கு பெரியவரே, வீட்ல அவ்ளோ கஷ்டமா?"

சோப்பு

போலாரத்திலிருந்து நிர்மலா என்ற அம்மாள், மகள் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளைப் பருத்திப் புடவை கொண்டுவந்தாள். மஞ்சளில் முக்கி, காலை வெயிலாக்கிக் கொடுத்தேன். "சோப்பு மட்டும் நக்கோம்மா" என்றேன். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மாலை, மகள் திவ்யாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சோப்பு பட்ட இடமெல்லாம் மஞ்சள் சிவந்து, புடவை திட்டுத்திட்டாக இருந்தது. இன்னொரு துணி திரும்பி வந்தால் அண்டா காயலான் கடைக்கு என்று என் வீட்டுக்காரி காமாட்சி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மஞ்ச வாசனை போகட்டும்னு லேசாத்தாங்க போட்டேன். அதுக்குப் போய் இப்படிக் கோவிச்சுக்குமா?"

எலுமிச்சை

சோப்பு சிவக்க வைத்ததை எலுமிச்சை திருப்பிவிடும். வாளித் தண்ணீரில் பழம் பிழிந்து, முந்தானையிலிருந்து மெல்ல நனைத்தேன். சிவப்பு கரைந்து மஞ்சள் ஊறி வந்தது. மேற்கே தண்டவாளத்துக்கு மேல் சூரியன் இறங்க, எது புடவை, எது வானம் என்றே தெரியவில்லை. வானத்தின் ஓரத்தையும் பிடித்துக் கொஞ்சம் பிழிந்துவிட்டேன்.

பாதிப் புடவை திரும்பியிருக்கும். அதுவரை செல்போனிலேயே இருந்த திவ்யா, வேண்டாம் வேண்டாம் என்று தெலுங்கும் கலந்து கத்தினாள்: "தாத்தா, ஒத்து ஒத்து! ஸ்டாப்! எனக்கு இப்படியேதான் வேணும்!"

மறுநாள் அதைத்தான் கட்டிக்கொண்டாள். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நிர்மலா போன் செய்தாள். சம்பந்தியம்மாவுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம். அண்டாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்த காமாட்சி அதைக் கேட்டுவிட்டு நிமிர்த்தி வைத்தாள்.

"இது இருக்கட்டும். நீங்க போய் சோப்பு வாங்கிட்டு வாங்க."

ஆக, என் தொழிலில் மஞ்சள் போடுவது நான், சிவப்பு போடுவது வாடிக்கையாளர், பற்றாக்குறைக்கு வானத்தைப் பிழிந்துகொள்கிறோம்.