தொண்டைமானாற்றில் ஒரு புதன்கிழமை விரதம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஓர் அக்காவின் பெயரையும் அவருடைய வீட்டு அடையாளத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். அது அவர் கேட்டுக்கொண்டது.

சித்திரை விடுமுறையில் என் சித்தியோடு தொண்டைமானாற்றுக்குப் போனேன். சித்தி ஓர் உதவி நிறுவனத்தில் வேலை செய்கிறார். வீடு வீடாகப் போய், மக்களுக்குப் போதிய சாப்பாடு கிடைக்கிறதா, அங்கே நடக்கும் உணவுத் திட்டம் பயன்படுகிறதா என்று மதிப்பிடுவதுதான் வேலை. வழக்கமாகக் கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் எனக்கு இடம் கிடைத்தது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு அச்சுவேலி பஸ். இடது பக்க யன்னல் எனக்கு. சிவப்பு மண், வெங்காயத் தோட்டம், வாழை, மறுபடி சிவப்பு மண். தோட்டத்துக்குத் தண்ணீர் பீச்சிய ஓரிடத்தில் சின்ன வானவில் ஒன்று பஸ்ஸோடு கொஞ்சத் தூரம் ஓடி வந்தது. பாதித் தூக்கத்தில் பார்த்ததால் அது உண்மையிலேயே ஓடி வந்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

போகும் வழியில் சித்தி ஒரு விஷயம் சொன்னார். அந்தக் கிராமத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் காலையில் கஞ்சியும் முட்டையும் கொடுக்கிறார்கள். அடுத்த வருடமும் அங்கேயே கொடுப்பதா, வேறு ஊருக்கு மாற்றுவதா என்பதை இந்த மதிப்பீட்டைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்களாம். அதை வீட்டுக்காரருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் பதில் கோணிவிடும்.

“நீ வாய் திறக்கப்படாது, விளங்கிச்சோ? கண்ணை மட்டும் திறந்து வைச்சிரு” என்றார்.

அச்சுவேலியில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். ஆறு கிலோமீற்றருக்கு எண்ணூறு ரூபா கேட்டார் ஓட்டோ அண்ணை.

“எண்ணூறோ? பெற்றோலுக்குப் பதிலாத் தேனோ அண்ணை ஊத்துறியள்?” என்றார் சித்தி.

“தேன் எண்டால் மலிவு தங்கச்சி. ஏறுங்கோ, அறுநூறு.”

எதற்குப் போகிறோம் என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “சந்நிதி முருகன் கோயிலிலை ஒவ்வொரு நாளும் அன்னதானம் குடுக்கேக்கை இந்தப் பக்கம் ஆர் பட்டினி கிடக்கிறது?” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பெயர் ஆறு என்றாலும் அது ஆறு இல்லை, கடல்நீரேரி. கொக்குகள் முழங்கால் அளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றன. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு தோணி, எதிலும் முட்டாமல் தொங்குவது போல நின்றது.

முதல் இரண்டு வீட்டிலும் “ஒரு குறையும் இல்லை” என்றார்கள். மூன்றாவது வீடு மலர் அக்காவுடையது. கணவர் இறால் பிடிப்பவர். இறால் படாத காலம் என்பதால் கூலி வேலை தேடிப் போயிருந்தார். இரண்டு பிள்ளைகளும் முன்பள்ளியில். எங்களைக் கதிரைகளில் இருத்திவிட்டு அக்கா வாசற்படியில் இருந்தார்.

சித்தி கேட்டார்: “போன மாசம், வீட்டிலை சாமான் இல்லாததாலை நீங்கள் ஒரு நேரமெண்டாலும் சாப்பிடாமல் இருந்தியளோ?”

“இல்லை அக்கா. சாப்பிடாத நாள் எண்டால் விரதந்தான்.”

விரதம் கணக்கில் வராது. சித்தி ‘இல்லை’ என்று குறித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்தார். “உவள் எங்கடை சாமியாரம்மா! திங்கள் சிவனுக்கு, செவ்வாய் அம்மனுக்கு, வெள்ளி முருகனுக்கு. மிச்ச நாள் ஆருக்கெண்டு அந்த முருகனுக்கே தெரியாது!”

“உனக்குப் பொறாமையடி” என்றார் மலர் அக்கா. எல்லாரும் சிரித்தோம். அன்ரி தன் ஆட்டைத் தேடிப் போய்விட்டார்.

பிறகு அக்கா பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். இரண்டு கோப்பைதான். “நீங்களும் குடியுங்கோவன்” என்றார் சித்தி. “நான் விரதம்” என்றார் அக்கா.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன். வீட்டுக் கலண்டரில் உள்ள விரதங்களை எல்லாம் வாசித்து வைத்திருப்பவள் நான். “இண்டைக்குப் புதன்கிழமை. சஷ்டியும் போன கிழமை முடிஞ்சுது. இது என்ன விரதம் அக்கா?”

அக்கா வாசலுக்கு அப்பால் தெரிந்த கடல்நீரேரியைப் பார்த்தார். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“நீ நல்லாப் படிக்கிற பிள்ளை போலை” என்றார் அக்கா. பிறகு சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்: “சோறு எல்லாருக்கும் காணாது எண்டு சொன்னால் பிள்ளையளும் தட்டைத் தள்ளி வைக்கும். விரதம் எண்டால் பேசாமல் சாப்பிடும்.”

“சந்நிதியிலை...” என்று இழுத்தார் சித்தி.

“கிழமையிலை ஒருநாள் போனால் பக்தி. ஒவ்வொரு நாளும் தட்டோடை போய் இருந்தால் சனம் கதைக்கும்.”

சித்தி பேனையை மூடி மடியில் வைத்தார். “இப்ப நான் எதைப் போட?”

“போட்டால் ஆருக்குத் தெரியும்?”

“உங்கடை பெயர் வெளியிலை வராது.”

அக்கா வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தார். “அப்ப உள்ளதைப் போடுங்கோ.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பயணம் பற்றி எழுதுகிறவள் நான் என்று சித்தி அதற்குள் சொல்லிவிட்டார். அக்கா சிரித்தார். “எழுது. பெயரைப் போடாதை. வீட்டையும் மாத்தி எழுது. அந்த ஆட்டுக்காரி வாசிச்சால் என்ரை சாமியார்ப் பட்டம் போயிடும்.”

பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீயை முழுவதும் குடித்தோம். மிச்சம் வைத்திருந்தால் அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு சித்தி முதல் இரண்டு வீடுகளுக்கும் திரும்பிப் போனார். “நீங்கள் விரதம் இருந்த நாளிலை வீட்டிலை சாமான் இருந்ததோ?” என்று புதிதாகக் கேட்டார். முதல் வீட்டில், “ஓம், ஏழு கறிக்கு இருந்தது, நான்தான் தொடேல்லை” என்று சிரித்தார்கள். இரண்டாவது வீட்டு ஐயா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறும் முன் போங்கள். திரும்ப ஓட்டோ பிடிப்பது கஷ்டம், வந்த அண்ணையின் நம்பரை வாங்கி வையுங்கள். எங்களிடம் திரும்பவும் அறுநூறுதான் எடுத்தார். சந்நிதிக்குப் போவதென்றால் மத்தியானம் போங்கள். அன்னதானத்தில் பக்கத்தில் இருப்பவர் ஏன் வந்தார் என்று யோசிக்காமல் சாப்பிடுங்கள். சித்தியைப் போன்ற வேலைக்குப் போகிறவர்கள், வேலிக்கு அப்பால் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி தன் மேலாளரோடு நெடுநேரம் ஃபோனில் கதைத்தார். விரதக் கேள்வியை நாளையிலிருந்து எல்லா வீட்டிலும் கேட்கலாமாம். முன்பள்ளிக் கஞ்சி தொடருமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம். அம்மா எனக்குப் புட்டும் மீன் குழம்பும் போட்டுத் தந்தார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மலர் அக்கா இன்றைக்கு இரவு சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. சித்தி வந்து லைற்றை நிற்பாட்டிவிட்டார்.