பதினாலு புஞ்சம் பூநாரை

கடலுக்கும் கஜபதிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. திருத்தணியில் தறி போடும் குடும்பம். முப்பத்தெட்டு வயது வரை அவர் பார்த்த பெரிய தண்ணீர் சரவணப் பொய்கைதான். 1978இல், கடலோரப் பறவைகளை எண்ணச் சம்பளமில்லாத தொண்டர்கள் தேவை என்று மெட்ராஸ் சங்கம் ஒன்று பத்திரிகையில் கேட்டிருந்தது. கடலோரத்திலிருந்து ஒருவரும் எழுதவில்லை. திருத்தணியிலிருந்து ஒரு கார்டு போனது.

“எண்ணத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். இழை எண்ணுறதுதானே நம்ம பொழப்பு?” என்றார் மனைவி கமலாவிடம்.

“தறியில பாவு அப்படியே கெடக்குது. இவரு காக்கா எண்ணப் போறாராம்!” என்றாள் கமலா.

ரயிலேறி, இரண்டு பஸ் மாறி, பழவேற்காட்டுக்குத் தெற்கே ஒரு உப்பங்கழிக்குப் போய்ச் சேர்ந்தார். சேற்றில் வரிசையாக நின்ற பூநாரைகளைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இழை ஜரிகை இல்லாமல் இப்படி ஒரு பார்டரா! பொழுது சாய எண்ணி முடித்து, படிவத்தில் ‘14’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுமாதம் சங்கச் செயலாளர் நாகராஜனிடமிருந்து கடிதம். கழியை மூடி உப்பளம் போட ஒருவர் மனு கொடுத்திருக்கிறார்; பதினாலு பறவைக்காக அதை மறுக்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்; தங்கள் சேவைக்கு நன்றி.

கஜபதிக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றிருபது இழை ஒரு புஞ்சம். தறிக்காரத் தெருவில் பதினாலு என்றால் பதினாலு புஞ்சம்தான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழக்க தோஷத்தில் தன் கையாலேயே அத்தனை பறவைக்கும் உலை வைத்துவிட்டோமே என்று துடித்துப்போய், அந்த அதிகாரி துளசிங்கத்திடம் ஓடினார்.

“ஐயா, அது பதினாலு புஞ்சங்க. ஆயிரத்து அறுநூத்தி எம்பது.”

“பறவைக்கு ஏதுய்யா புஞ்சம்? அத்தாட்சி இருக்கா?”

ஊர் திரும்பி, பதினாலு என்றால் பதினாலு புஞ்சம்தான் என்று அத்தாட்சி கேட்டு நெசவாளர் சங்கத் தலைவர் வீரபத்திரனைப் பிடித்தார். “என்னா நூலு?” என்றார் அவர். பூநாரை என்றார் கஜபதி. “புது ரகமா? சொல்லவேயில்லியே!” என்றபடி வீரபத்திரன் முத்திரை குத்திக் கொடுத்தார்.

துளசிங்கம் அத்தாட்சியை இரண்டு தடவை படித்தார். “புஞ்சம்னு வந்துட்டா இது நெசவு விஷயம். ஃபைலு அந்த ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வரணும். அதுவரைக்கும் கழியில யாரும் கை வைக்க முடியாது. ஆனா ஒண்ணு, ஆயிரமோ பதினாலோ, ஃபைலு திரும்பிச்சுன்னா உப்பளந்தான். மேலருந்து சொல்லிட்டாங்க.”

நெசவு ஆபீஸிலிருந்து எட்டு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: மேற்படி ரகத்தின் நீளம், அகலம் என்ன? பொய் சொல்லத் தெரியாத கஜபதி, நின்றால் நாலடி, சிறகை விரித்தால் அதற்கும் மேல் என்று எழுதினார். அடுத்த வருஷம், சாயம் நிற்குமா என்று கேட்டார்கள். எந்த மழைக்கும் போகாது என்று பதில் போட்டார். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. தை மாதம் தவறாமல் பறவைகள் வந்தன, அவரும் போய் எண்ணினார். உப்பளக்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்த வருஷப் பதிலை நேரில் கொடுக்க நெசவு ஆபீஸுக்குப் போனபோது நாற்காலியில் புதிதாகப் பத்மா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். ஃபைலைப் புரட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள்.

“ஆறு வருஷமா அலைஞ்சிகினு இருக்கீங்களா? பாவங்க! இன்னிக்கே முடிச்சு அனுப்பிடறேன்.”

தன் வாழ்நாளில் எந்த மனிதரிடமும் கெஞ்சாத கஜபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேணாம்மா. நீ நல்லா இருப்பே. இன்னும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டு எழுதும்மா.”

பத்மா அவர் முகத்தைப் பார்த்தாள். ஃபைலைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

“என்னன்னு கேக்கட்டுங்க?”

“தொவைச்சா சுருங்குமான்னு கேளும்மா.”