சாமிக்கு விட்ட செடி

என் வலது கட்டைவிரல் நகத்தை வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு அந்த நகத்தின் அருமை இரண்டாயிரத்து மூன்றில்தான் தெரிந்தது. அந்த வருஷம் எங்கள் நிலத்தில் அரை ஏக்கரில் பி.டி. பருத்திக்கு விதை எடுத்துத் தரச் சொல்லி, ஆந்திராப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிப் போனார். தின்ற காய்ப்புழுவே செத்துப்போகும் பருத்தியாம். உலகம் பூராவும் இனி அதைத்தான் விதைக்குமாம். எல்லாரும் விதைக்க வேண்டுமென்றால் யாராவது விதையை உண்டாக்கித் தரவேண்டுமே, அந்த யாரோ நான்தான்.

நாளை மலரப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே நகத்தால் கீறி, இதழையும் மகரந்தத்தையும் உரித்துவிட்டு, சிவப்புக் காகிதம் மாட்டவேண்டும். மறுநாள் காலை வேறு வரிசைச் செடியின் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டவேண்டும். தப்பித் தவறி விட்ட பூ தானாகக் காய்த்தால் அது கலப்படம். கலப்படம் மிஞ்சினால் சோதனையில் மொத்த விதையையும் தள்ளிவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல் மொட்டு வரும். கனகம்மாசத்திரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்வர அரை நாள் போதும். அந்த அரை நாள் எனக்கு வாய்க்கவில்லை.

மகளுக்கு அப்போது நாலு வயது. கைக்குழந்தையாக ஜன்னி வந்து கிடந்தபோது, ஆடிக் கிருத்திகையில் பூக்காவடி எடுத்து, திருத்தணி மலையிலேயே அவளுக்கு முதல் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஏதேதோ காரணத்தில் அது தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. சிக்குப் பிடித்த தலையோடு பால்வாடிக்குப் போய்வந்தாள். இந்த வருஷம் கட்டாயம் போகவேண்டும், ஒரே ஒரு நாள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாமியார்தான் பதில் சொன்னார்.

“சாமி அடுத்த வருசமும் மலை மேலதான் இருக்கும். பூவு இருக்குமா?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் பருத்திதான் பூசாரி.

கிருத்திகையன்று விடிந்ததிலிருந்து ரோட்டில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. அரோகரா சத்தம் பருத்திக் கொல்லை வரைக்கும் கேட்டது. மகள் வரப்பில் நின்று தலையைச் சொறிந்தபடி வேடிக்கை பார்த்தாள்.

“நம்ம எப்பமா போறது?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று சாயங்காலம், மலையைப் பார்த்த மூலையில் இருந்த ஒரு செடியைத் தொடாமல் விட்டேன். இது உனக்கு என்று முருகனிடம் சொன்னேன். அதற்குப் பிறகும் அந்தச் செடியில் நகம் வைக்கவில்லை. சோதிக்க வருகிறவர் கண்ணில் படாமலிருக்க, தானாய்ப் பிடித்த பிஞ்சுகளுக்கும் நூல் கட்டி வைத்தேன்.

காய் வெடித்தபோது அந்தச் செடிப் பஞ்சைத் தனியே எடுத்து வைக்கத்தான் நினைத்திருந்தேன். எடுக்கப் போன இடத்தில் வேறு நினைப்பு வந்தது. இந்த விதை தள்ளிப்போனால் அந்த ஏஜென்ட் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். என் கையாலேயே அதை மற்ற பஞ்சோடு மூட்டையில் திணித்தேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மழையிலும் வெயிலிலும் குனிந்தே கிடந்த மனுஷனின் உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று ஒரு நாள் அழுவேன். மறுநாள், போனால் போகட்டும் என்றிருக்கும். வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே வாயால் முருகனைக் கேட்டேன். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஏஜென்டோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன்.

பங்குனியில் ஏஜென்ட் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். எங்கள் விதை தேறிவிட்டது. இத்தனை விதையில் ஒரு செடிக் கலப்படம் கணக்கிலேயே வராது என்பது எனக்கு எங்கே தெரியும்!

“உங்க கை சுத்தம்மா,” என்றார். “அடுத்த தபா ஒரு ஏக்கரா போட்டுக்கலாம்.”

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மாமியார் முதல் லட்டை என் கையில் வைத்தார். அதை மகளிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய், பிளேடால் அந்தக் கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டினேன். ரத்தம் வந்தது.

அடுத்த கிருத்திகைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குள் நகம் வளர்ந்துவிட்டது. மகளின் முடியும்தான்.