மற்ற இடம்

பல்கலைக்கழகத்தில் கணித உயிரியல் படிக்கிறேன் என்று சொன்னால், அலுவிகாரையில் எங்கள் வீதிக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மெத்ஸா, பயோவா?" மெத்ஸ் என்றால் இன்ஜினியர். பயோ என்றால் டொக்டர். இரண்டும் என்றால் இரண்டும் கிடைக்காமல் போனவள். வாப்பா அந்தக் கேள்விக்குப் பயந்து, "கம்பஸ்ல படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கடைசி வருட ஆய்வுக்குக் குரங்குகளை எடுத்தேன். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை இல்லை. கூரை ஓடு, வாழைக்குலை, தண்ணீர்த் தொட்டி மூடி, காயப்போட்ட மிளகு, எதையும் அவை விட்டுவைப்பதில்லை. என் சமன்பாடுகளுக்கு நான்கு விஷயங்கள் தேவைப்பட்டன: பிறப்பு, இறப்பு, தீனி, இடப்பெயர்வு. இரண்டு பெட்டிகள் வரைந்தேன். ஒன்றின் பெயர் அலுவிகாரை. அடுத்ததற்கு 'மற்ற இடம்' என்று எழுதினேன். நடுவில் ஓர் அம்புக்குறி. அதுதான் லொறி.

எங்கள் வீதிக் கடைக்காரர்கள் கூண்டு வைத்துக் குரங்குகளைப் பிடித்து, லொறியில் ஏற்றி எங்காவது விட்டுவிட்டு வரச் செய்வார்கள். சட்டப்படி கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும். என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

"பிள்ளை, உந்த லொறியை எடுத்துவிடும். குரங்கு லொறியிலை போறதெண்டு ஒரு கட்டுரையிலயும் இல்லை."

"எங்கட ஊர்ல போகுது சேர்."

"டிக்கெட் எடுத்தோ?"

லொறியை நான் எடுக்கவில்லை. விடை தெளிவாக வந்தது. அலுவிகாரையில் கொஞ்ச காலம் குரங்கு குறையும். மற்ற இடத்தில் தீனி அதிகம், அங்கே குட்டிகள் கூடும். இங்கே மிஞ்சியவற்றுக்கும் தீனி தாராளமாகிவிடுவதால் அவையும் பெருகும். கடைசியில் மொத்தம் முன்பைவிட அதிகம்.

என் அக்காவை, ராத்தாவை, நாவுலயில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளும் மச்சானும் அந்தப் போகத்துக்கு, இருந்த காணி முழுக்கச் சோளம் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்ததும் அவர்களுடைய புது வீட்டுக்குக் கூரை போடுவதாக ஏற்பாடு.

நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அடுத்த லொறியைப் பற்றிப் பேச வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் ஆட்கள் கூடினார்கள். வாப்பா முதன்முறையாக என் படிப்பை நாலு பேர் முன்னால் வெளியே எடுத்தார். "மகள் இதத்தான் படிக்குது. கேட்டுப் பாருங்க."

ஒரு காட்போர்ட் துண்டில் இரண்டு பெட்டிகளையும் வரைந்தேன். பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சுருக்கமாச் சொல்லுங்க மகள். இங்க கொறையுமா, இல்லயா?"

"கொஞ்ச நாளைக்குக் கொறையும். ஆனா மற்ற இடத்துல..."

"கொறையுமாம்," என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"மற்ற இடத்துல கூடும் மாமா. மொத்தமாப் பாத்தா இங்கயும் திரும்ப..."

"மற்ற இடத்த அந்த ஊர் ஆக்கள் பாத்துக்குவாங்க. அங்கயும் ஒரு மகள் கம்பஸ்ல படிக்கும்தானே."

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார்.

"வாப்பா, லொறி போற பக்கம் ராத்தாட சோளம் ஈக்கி," என்றேன்.

"நாவுலக்கி யாரு அனுப்புற? பல்லேகமப் பக்கம், காட்டுக்குத்தானே," என்றார் வாப்பா.

பிளேன்டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் லொறிக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பல்லேகமப் பக்கம் போக நாவுலயிலிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். சாரதி ஏறவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நாவுலக்குப் பக்கத்திலேயே கூண்டுகளைத் திறந்துவிட்டதாகப் பிறகு அவரே சொன்னார்.

ராத்தா எனக்குப் போன் எடுத்தாள். "புதுக் கூட்டம் ஒண்டு வந்தீக்கி. மனுசரக் கண்டா ஓடுதில்ல. மூஞ்சப் பாக்காம கையில ஈக்கிற ஷொப்பிங் பேக்கத்தான் பாக்குது. இது காட்டுக் குரங்கு இல்ல. ஒங்கட டவுன் குரங்கு."



இரண்டாவது பெட்டிக்கு நேரடித் தரவு வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டிருந்தார். நான் ராத்தாவிடம் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாரா வாரம் வட்ஸ்அப்பில் தோட்டத்தின் படமும், மிச்சமிருந்த சோளத்துக்கு ஒரு சொல்லும் வந்தன. 'முக்கால்.' 'பாதி.' 'கால் இருக்காது.' கடைசிப் படத்தோடு 'இல்ல' என்று மட்டும் இருந்தது. அவற்றைப் புள்ளிகளாக்கி வரைபில் இட்டேன். தீனிக்கான என் வளைகோடு ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக்கொண்டு இறங்கியது.

"வடிவாப் பொருந்துது பிள்ளை," என்றார் மேற்பார்வையாளர். லொறியைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. உம்மா வட்டலப்பம் செய்ய, வாப்பா கடை கடையாகக் கொடுத்துவிட்டு வந்தார். பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "கொறையும்னு சொன்னீங்க, கொறஞ்சிச்சு. மகள்ட கணக்கு பிசகாது," என்றார். அவர் தலைக்கு மேலே, கூரையில் ஏற்கெனவே ஒரு தாயும் குட்டியும் உட்கார்ந்திருந்தன.

ராத்தா வரவில்லை. மச்சான் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். வீடு இன்னும் சுவர் மட்டத்தில் நிற்கிறது.

ஆய்வில் யாரையும் அடையாளம் காட்டக்கூடாது என்பது விதி. ஆகவே நூலகத்தில் இருக்கும் பிரதியில், ராத்தாவின் சோளம் அழிந்த அந்த வரைபின் கீழே, 'மற்ற இடம்' என்றுதான் இருக்கிறது.