காலணாவில் எழும்பிய கோடு

ஓசூர் சிப்காட்டில் உலோகப் பாகங்கள் அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் என் மனைவிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. டை என்கிற அச்சில் விரிசல் விட்டால், உலோகம் அதற்குள் புகுந்து, பீஸின் மேல் மயிரிழைபோல ஒரு கோடு எழும்பி நிற்கும். அதையெல்லாம் நாள் முழுக்கச் சிவப்புத் தொட்டியில் எறிவாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதே கோட்டைப் பழைய நாணயங்களில் தேடி அலைவாள். "அங்க ரிஜெக்ட், இங்க ராஜா" என்பாள். எனக்கு அவள் பேச்சு பிடிக்கும்.

காவேரிப்பட்டினத்துப் பழைய பாத்திரக் கடையில் அப்படி ஒரு காலணா அவளுக்குக் கிடைத்தது. ராஜாவின் மூக்கிலிருந்து விளிம்புவரை கோடு. கீறலென்றால் பள்ளமாக இருக்கும்; இது நகத்தில் தட்டியது. ஞாயிறுதோறும் ஓசூருக்கு வந்து நாணயக் கடை விரிக்கிற கன்னடக்கார வியாபாரியிடம் காட்டினாள். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"களிம்பு படிஞ்சாலும் மேடாத்தான் தெரியும்மா. இதே எடத்துல இதே கோடு இன்னொரு காசுல இருந்தா அச்சுப் பிழைன்னு ஒத்துக்கறேன். அதுவரைக்கும் இது வெறும் காலணா."

அவளுக்குச் சுருக்கென்றது. அதிலிருந்து வாராவாரம் அவர் கடையில் குவித்திருக்கும் மலிவுக் காசுகளைப் புரட்டினாள்.

ஒரு ஞாயிறு அவள் கை நின்றது. அதே இடம், அதே கோடு. ஆனால் மூக்கைத் தாண்டிக் கன்னம்வரை போயிருந்தது.

"விரிசல் வளந்திருக்குது. எங்க டையில காலையில சின்னதா வரும், சாயங்காலம் நீண்டுடும். என்னுது முன்ன அடிச்சது, இது பின்ன அடிச்சது" என்று என் காதில் சொன்னாள்.

"வாயத் தொறக்காம வாங்கு. குவியல் வெலைக்கே கெடைக்கும்" என்றேன்.

"அவரு சொன்ன வழியிலதான் கண்டுபுடிச்சேன். அவருகிட்டயே மறைக்கறதா?"

இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஹௌது" என்று கன்னடத்தில் ஒப்புக்கொண்டு, குவியல் காசை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"இனி இது அந்த வெலைக்கு வராது. உங்களுதுக்கும் மதிப்பு ஏறிடுச்சு. குடுங்க, ஜோடியா வெச்சுக்கறேன்."

"நல்லா இருக்குது. தேடிக் குடுத்ததும் உங்களுக்கு, என்னுதும் உங்களுக்கா?"

அவர் சிரித்துவிட்டு, சின்னக் காகித உறையொன்றில் 'அச்சு விரிசல், முதல் நிலை' என்று எழுதி, அவள் காசை உள்ளே போட்டு நீட்டினார்.

வண்டியில் திரும்பும்போது, கைக்கு வந்த காசு போச்சே என்று முனகிக்கொண்டே வந்தேன். அவள் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க. கவரு கசங்கிடும்."