சத்தம் போடாத கீப்பர்

எங்கள் நாட்டுப் பெண்கள் காற்பந்து அணி வெளிநாட்டு அணிகளோடு ஆடிய ஆட்டங்களை யாராவது ஒரு தாளில் எழுதினால், படிக்க அதிக நேரம் பிடிக்காது. அடுத்தவர்கள் பக்கத்தில் நாலு, ஆறு, எட்டு என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பூச்சியம் இருக்கும். கண்டியில் நடந்த ஆட்டம் பூச்சியத்துக்கு ஐந்து. அந்த ஐந்தையும் உள்ளே விட்டது எங்கள் லயத்து இரஞ்சிதம் அக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம் என்றாலும், ஐந்து வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியும். ஐந்துக்குப் பிறகு ஏன் ஒன்றும் போகவில்லை என்பதும் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம், அதில் வரிசை வீடுகளாக எங்கள் லயம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களம்தான் மைதானம். அங்கே கோலில் நிற்க யாருக்கும் ஆசை இருந்ததில்லை. பந்து தப்பினால் சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும்; விட்டவள்தான் இறங்கி எடுத்து வரவேண்டும், அட்டைக்கடியோடு. இரஞ்சிதம் அக்கா தானாகவே போய் நின்றாள். அதன் பிறகு பந்து சரிவைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. ஒரே ஒரு குறை. அவள் சத்தம் போடமாட்டாள்.

கீப்பர் என்றால் கத்த வேண்டும். ஆட்டம் முழுவதையும் நேருக்கு நேர் பார்ப்பது அவள் ஒருத்திதான். பந்து உயரத்தில் வரும்போது முன்னால் நிற்கிறவளுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. ‘விடு, எனக்கு’ என்று பின்னாலிருந்து குரல் வரவேண்டும். வராவிட்டால் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அக்கா அதற்கு வேறு வழி வைத்திருந்தாள். கையில் ஒரு கூழாங்கல். கோல் கம்பத்தில் ஒரு தட்டு என்றால் ‘விடு, எனக்கு.’ இரண்டு தட்டு என்றால் ‘அடித்து வெளியே அனுப்பு.’ மலையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். ஒருநாள் அந்தக் கல்லை எடுத்துவிட்டு, அதே அளவு உருளைக்கிழங்கைச் சேற்றில் புரட்டி வைத்தேன். தட்டினாள், சத்தம் வரவில்லை, கோல் போனது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கிழங்கைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய், கறி வைத்து, எனக்கே ஒரு கோப்பையில் கொடுத்தனுப்பினாள்.

அவள் ஊமையில்லை. டவுனில் ஒரு சாரிக் கடையில் வேலை. சிங்களத்தில் மென்மையாகப் பேசி, வாங்க வராதவர்களுக்கும் சேலை விற்றுவிடுவாள். ஆனால் விற்கிற குரல் வேறு, கத்துகிற குரல் வேறு. கத்துகிற குரல் அவளுக்கு வளரவேயில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய அம்மா பாலம்மா அத்தை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது இரஞ்சிதம் அக்கா கைக்குழந்தை. அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, தேயிலைக்குள் தண்ணீர் வடிகிற கானில் படுத்துக்கொண்டாள். ஆட்கள் மேலே நடந்து போனார்கள். பிள்ளை அழ வாயைத் திறந்தது. அத்தை கையால் பொத்தினாள். அவர்கள் போகும் வரைக்கும் எடுக்கவில்லை. எடுத்தபோது பிள்ளை நீலமாக இருந்ததாம். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. இதை அத்தை யாரிடமும் சொன்னதில்லை. லயத்தில் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டி கீழே விழுந்தால்கூட மெதுவாகத்தான் விழும். பஸ்ஸில் சோதனைச்சாவடி இருக்கிற பேராதனைப் பாலம் வந்ததும் அத்தை விரலில் எச்சில் தொட்டுப் பொட்டை அழித்துவிடுவாள். அதற்குப் பிறகு டவுன் வரைக்கும் மூன்று பேரும் ஊமைகள். என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யாரும் கேட்கவில்லை.

மாவட்டப் போட்டி ஒன்றில் அக்காவைப் பார்த்துவிட்டு, தேசிய அணிப் பயிற்சிக்கு எடுத்தார்கள். தனியாக அனுப்ப அத்தைக்கு மனமில்லை, அதனால் துணைக்கு நான். கம்பத்தைத் தட்டுகிற விஷயத்தை அங்கே பார்த்ததும் கோச் சிரித்துவிட்டார். ரணவீர என்று பெயர், பள்ளிக்கூட மாஸ்டர், கெட்ட மனிதர் இல்லை.

“என்ன நங்கி, கோயில் மணியா?” நங்கி என்றால் தங்கச்சி.

ஆனால் பயிற்சியில் அது வேலை செய்தது. பின்வரிசையில் நடுவில் நின்ற சந்தமாலி சீக்கிரமே தட்டுகளைப் பழகிக்கொண்டாள். அவளுக்கு ஹுன்னஸ்கிரியவில், தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து வீடு. தமிழ் கொஞ்சம் தெரியும், அதிலும் அதிகம் கெட்ட வார்த்தை. அதையெல்லாம் சரியான உச்சரிப்பில் சொல்வாள்.

கண்டி ஆட்டம் நெருங்கியபோது கோச் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அன்றைக்கு சனம் வரும், பப்பரே பாண்ட் வந்து ஊதும். உன்னுடைய கல் ஒருத்தருக்கும் கேட்காது. கத்திப் பழகு. இல்லாவிட்டால் மற்றக் கீப்பர் பிள்ளையைத்தான் நிறுத்துவேன். இந்தியாவில் நடக்கிற போட்டிக்குப் போவதும் அவள்தான்.”

அக்கா தலையாட்டிவிட்டு எங்களிடம் வந்தாள்.

“ரஞ்சி, எதையாவது கத்து,” என்றாள் சந்தமாலி. “சிங்களம் வரலையா, தமிழ்ல கத்து. எனக்கு விளங்கும்.”

“இங்கயா?” என்றாள் அக்கா.

அது இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி. வடக்கில் நடந்த போரில் கிளிநொச்சி விழுந்த அன்று டவுன் முழுக்கப் பட்டாசு வெடித்து, சாரிக் கடை வாசலில் கொடி கட்டி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பால்சோறு கொடுத்திருந்தார்கள். அக்காவும் ஒரு துண்டு வாங்கித் தின்றிருக்கிறாள். வாங்காமல் எப்படி இருப்பது.

“எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“உப்பு கொஞ்சம் கூட,” என்றாள்.

ஆட்டம் பிப்ரவரியில். வந்த அணி எந்த நாடு என்பதை விடுங்கள், எல்லாரும் உயரமாக இருந்தார்கள். பாலம்மா அத்தை மகள் ஆடுவதை அதுவரை பார்த்ததில்லை. அன்று நல்ல சேலை கட்டி, வழக்கம்போலப் பாலத்தில் பொட்டை அழித்து, என்னோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எங்களுக்குக் கீழே பையன்கள் நாடு கோல் போட்டால் கொளுத்துவதற்குப் பட்டாசுக் கட்டு வைத்திருந்தார்கள். பாவம், நம்பிக்கைக்காரப் பையன்கள்.

முதல் கோல் போனபோது அக்கா கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கை அசைவு தெரிந்தது. பப்பரே ஊதலில் சத்தம் வரவில்லை. சந்தமாலி பந்துக்குப் போவதா நிற்பதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கிற நேரத்தில் எதிரணிக்காரி அடித்துவிட்டாள். இரண்டாவதும் அப்படி. மூன்றாவது அப்படியும் இல்லை, அக்கா வெளியே வருவதா வேண்டாமா என்று யோசித்து நின்றது. நாலாவது போனபோது பையன்கள் கீப்பரை விற்றுவிட்டு ஒரு மாடு வாங்கச் சொன்னார்கள்.

“என்னடி சொல்றானுங்க?” என்று அத்தை என் காதில் கேட்டாள்.

“நல்லா ஆடுறாங்கன்னு சொல்றாங்க அத்தை.”

“பொய் சொல்லாத.”

இடைவேளை முடிந்தபோது மற்றக் கீப்பர் கோட்டுக்கு வெளியே ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அத்தைக்கும் சொன்னேன்.

“இனி ஒண்ணு போனா அக்காவ எடுத்துருவாங்க. அப்பறம் நிக்க விடமாட்டாங்க.”

“அவ ஏன் சும்மா நிக்கிறா? வாயத் தொறந்து சொன்னா அந்தப் புள்ள வெலகும்ல?”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது பந்து வலப்பக்கமிருந்து உயரமாக வந்தது. அக்கா பாய வந்தாள். சந்தமாலியும் பின்னால் பார்க்காமல் பாய்ந்தாள். இரண்டு பேரும் மோதப் போவது எங்களுக்கு மேலேயிருந்து தெரிந்தது.

“இரஞ்சிதம்! கூப்புடுடீ!”

அந்தக் குரல் யாருடையது என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியில் பப்பரேக்காரர்களும் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார்கள். மைதானம் முழுக்கத் தமிழ் கேட்டது. தலைகள் திரும்பின.

கீழே இரண்டு மண்டைகளும் மோதி, இரண்டு பேரும் விழுந்து, பந்து உள்ளே உருண்டது.

நான் அத்தையின் சேலையைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்குள் ஒரு பொலிஸ்காரர் படி ஏறி வந்துவிட்டார்.

“அம்மே, ஐடென்டி.”

அத்தை மடியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“யாரைக் கூப்பிட்டாய்?”

“மகே துவ,” என்றாள் அத்தை. என் மகள். கோலைக் காட்டினாள். அவர் நம்பினாரா இல்லையா தெரியாது. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்திலேயே நின்றார்.

அக்கா எழுந்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, நேராக எங்கள் பக்கம் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கிற காக்கிச் சட்டையைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே கோச் மற்றக் கீப்பரின் தோளில் கை வைத்திருந்தார். மாற்றுவதற்குள் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்; இனிப் பந்து வெளியே போனதும் ஆள் மாற்றுவார்கள். ஒரு தமிழ் வார்த்தைக்கு என்ன வரும் என்பது அவளுக்கு முன்னால் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

பந்து வெளியே போகவில்லை. மறுபடி அதே வலப்பக்கம், அதே உயரம். சந்தமாலி பந்தைப் பார்த்துப் பின்னால் ஓடி வந்தாள்.

“விடு! எனக்கு!”

அழகான குரல் என்று சொல்லமாட்டேன். துரு ஏறிய கேட்டைத் திறக்கிற மாதிரி இருந்தது. ஆனால் சந்தமாலி சட்டென்று குனிந்தாள், அவள் தலைக்கு மேலே அக்கா பந்தைப் பிடித்தாள். பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பொலிஸ்காரர் அங்கே பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கோச் மற்றப் பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவேயில்லை. விடு, அடி, முன்னுக்குப் போ, எடப்பக்கம் ஆள் வர்றா என்று ஆட்டம் முடியும் வரைக்கும் தமிழ்தான். பையன்கள் கூவினார்கள், என்னென்னவோ சொன்னார்கள். சொன்னதில் சிலது நான் எழுத விரும்பாதது. அவள் கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் சந்தமாலியே மற்றப் பின்வரிசைக்காரியிடம் “விடு, விடு” என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆறாவது கோல் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எங்களை பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த காவலறைக்குக் கூட்டிப்போனார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு வாங்கைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அட்டை மேசையில் கிடந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மடியில் வைத்திருந்தாள். அதன்மேல் என் கையை வைத்தேன், குளிருக்காக.

வெயில் இறங்கியபோது அக்கா ஆட்ட உடுப்போடே வந்தாள். கூடவே கோச்சும், நெற்றி வீங்கிப்போன சந்தமாலியும். மேசைக்காரர் கேட்டார்:

“இந்த அம்மா என்ன கத்தினாள்?”

“மகளைக் கூப்பிட்டாங்க சேர்,” என்றாள் சந்தமாலி. நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “மகள் சொல்லுக் கேட்கலை. அதுதான் எனக்கு இது.”

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் அட்டையைத் தள்ளிக் கொடுத்தார்.

கலஹா பஸ் போய்விட்டது. கோச் ஒரு திரீவீல் ஆட்டோ பேசி ஏற்றிவிட்டார். அக்காவுக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. அடுத்த வாரம் முழுக்கக் கடையில் கையைக் காட்டிச் சேலை விற்றாள். அந்த வருடம் இந்தியாவுக்கும் போனாள். அங்கே ஆடிய எல்லாவற்றிலும் தோற்றார்கள். தாளில் அது இருக்கும்.

அன்று திரும்பும் வழியில், பேராதனைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஆமிக்காரப் பையன், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். உள்ளே குனிந்து அக்காவின் உடுப்பைப் பார்த்தான்.

“மேட்ச்சா? எத்தனை?”

அந்த இடத்தில் நாங்கள் எப்போதும் ஊமைகள். அக்காவுக்கோ குரலே இல்லை. பாலம்மா அத்தை முன்னால் சாய்ந்தாள்.

“பஹ,” என்றாள். ஐந்து. “பூச்சியம், பஹ.”

“கீப்பர் யார்?”

“மகே துவ.”

“ஐந்து விட்டாளா?” என்று அவன் சிரித்தான்.

அக்கா கையை நீட்டி அம்மாவின் வாயைப் பொத்தப் போனாள். பாலம்மா அத்தை அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“அஞ்சுக்குப் பொறகு ஒண்ணும் போகல,” என்றாள் தமிழில், அவன் முகத்தைப் பார்த்து. “நாந்தான் பாத்தேன்.”

அவனுக்கு அது விளங்கவில்லை. போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.